ரன்னிங் பேக்குக்குத் தகுந்த கூலி கிடைக்கிறதா? ஒரு வீரர் முன் இருக்கும் வழிகளும் அவற்றின் கணக்கும்

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக். ஒப்பந்தம் முடிந்த வீரரைச் சந்தைக்கு விடாமல், அவர் ஆடும் இடத்துக்கென்று குறித்த விலையில் ஓராண்டு பிடித்துவைக்கும் உரிமை ஃபிரான்சைஸ் டேக். 2015-ல் ஒரு ரன்னிங் பேக் மீது இந்த டேக் போட்ட என்எஃப்எல் லீக் அணி, அந்த ஓராண்டுக்கு 1.0951 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. 2023-ல் அதே டேக்கின் விலை 1.0091 கோடி டாலர். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் ஓர் அணி தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய சாலரி கேப், 14.328 கோடியிலிருந்து 22.48 கோடிக்குப் போய்விட்டது. ஏறத்தாழ 57 சதவீத உயர்வு. எறியும் பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரின் டேக் 1.2823 கோடியிலிருந்து 1.9743 கோடி ஆனது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் டேக் 3.2416 கோடியைத் தொட்டது. 2023-ல் ரன்னிங் பேக்குக்கும் கீழே இருந்தவர்கள் பந்தை உதைக்கும் கிக்கரும் பன்ட்டரும் மட்டுமே.

இதை வைத்து 'அநியாயம்' என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அணிகள் முட்டாள்கள் அல்ல. பந்தை எறிந்து ஆடினால் ஒரு முயற்சிக்குச் சராசரியாக 7 யார்டு வரை கிடைக்கிறது. தூக்கிக்கொண்டு ஓடினால் 4 யார்டுக்குச் சற்று மேல். அந்த 4 யார்டிலும் எவ்வளவு ஓடியவரின் திறமை, எவ்வளவு முன்னால் வழி திறந்துவிடும் ஐந்து லைன்மேன்களின் உழைப்பு என்று பிரிப்பது கடினம். சாக்வான் பார்க்லியே இதற்குச் சாட்சி. 2023-ல் நியூயார்க் ஜயண்ட்ஸுக்காக 247 முறை ஓடி 962 யார்டு எடுத்தார், ஓட்டத்துக்கு 3.9. அடுத்த ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸில் 345 முறை ஓடி 2,005 யார்டு, ஓட்டத்துக்கு 5.8. மாறியது சட்டையும், முன்னால் நின்ற ஜார்டன் மைலாட்டா, லேன் ஜான்சன் போன்ற மலைகளும்தான். ரன்னிங் பேக்குக்குக் காசு கொட்டாதே என்பவர்களும் இதே எண்ணைக் காட்டுகிறார்கள், நல்ல ரன்னிங் பேக் கிடைத்தால் கோப்பையே வரும் என்பவர்களும் இதையேதான் காட்டுகிறார்கள்.

மாற்று ஆள் மலிவாகக் கிடைப்பது இன்னொரு காரணம். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 2020 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தன் முதல் சுற்றுத் தேர்வைச் செலவழித்து கிளைட் எட்வர்ட்ஸ்-எலேரை எடுத்தது. 2022-ல் கோப்பை வென்றபோது அவர் இடத்தில் ஓடியவர் ஏழாம் சுற்றில், 251-ஆவது ஆளாக வந்த அய்சயா பச்செக்கோ. இப்படி ஒரு கடைசிச் சுற்று ஆள் வெற்றி பெறும்போதெல்லாம், மற்ற எல்லா ரன்னிங் பேக்குகளின் பேரம் பேசும் வலுவும் கொஞ்சம் இறங்குகிறது.

ஆகவே இரண்டாவது ஒப்பந்தத்தில் சந்தை தரும் விலை அவ்வளவு அநியாயமானது அல்ல என்பதே எங்கள் கணிப்பு. கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. வீரர் அந்தச் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் அவர் விற்க வேண்டிய சரக்கில் பாதி தேய்ந்துவிடுகிறது.

காலக்கணக்கைப் பாருங்கள். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாமல் டிராஃப்டுக்கு வர முடியாது. எனவே லீக்கில் நுழையும்போது வயது 21 அல்லது 22. ரூக்கி ஒப்பந்தம், அதாவது புதியவரின் முதல் ஒப்பந்தம், நான்கு ஆண்டு; தொகை டிராஃப்ட் வரிசைப்படி முன்பே தீர்மானிக்கப்பட்டது. மூன்று சீசன் முடியும்வரை அதை மாற்றிப் பேசவே கூடாது என்பது விதி. முதல் சுற்றில் வந்தவர் என்றால் ஐந்தாம் ஆண்டையும் அணி தன் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். அதன்பின் டேக். மறு ஆண்டும் டேக் போட வேண்டுமானால் முந்தைய தொகையில் 120 சதவீதம். ஆக முதல் சுற்று வீரர் ஒருவரை, திறந்த சந்தையில் ஒருமுறைகூடப் பேரம் பேசவிடாமல் ஏழு சீசன் பிடித்து வைக்கலாம். குவார்ட்டர்பேக்குக்கு ஏழாம் ஆண்டு என்பது பாதி வழிகூட இல்லை. ரன்னிங் பேக்குக்கு அதுவே பெரும்பாலும் முழு ஆயுள்.

2011-ல் இந்த ரூக்கி அட்டவணை வருவதற்கு முன் நிலைமை வேறு. 2010-ன் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். மறு ஆண்டின் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. புதியவர்களிடம் மிச்சம் பிடித்த பணம் அனுபவசாலிகளுக்குப் போகும் என்பது அப்போதைய வாதம். மற்ற இடங்களில் ஆடுபவர்களுக்கு அது ஓரளவு பலித்தது. அனுபவசாலி ஆகும்போதே கிழவராகிவிடும் ரன்னிங் பேக்குக்குப் பலிக்கவில்லை.

ஜாஷ் ஜேகப்ஸின் கதை இதை ஆண்டுவாரியாகக் காட்டும். 2019-ல் முதல் சுற்றில் 24-ஆவது ஆள். நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 1.19 கோடி டாலர். 2022 வசந்தத்தில் ரெய்டர்ஸ் அவருடைய ஐந்தாம் ஆண்டு விருப்பத்தை எடுக்க மறுத்தது. அந்தச் சீசனில் அவர் 340 முறை ஓடினார், 53 முறை பந்தைப் பிடித்தார். 1,653 யார்டுடன் லீக்கிலேயே முதலிடம். பரிசாக 2023-ல் அதே அணி டேக் போட்டது. பயிற்சி முகாமுக்கு வராமல் இருந்து, ஆகஸ்ட் கடைசியில் சற்றே உயர்த்திய ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அந்தச் சீசன் 805 யார்டு, ஓட்டத்துக்கு 3.5, கடைசி ஆட்டங்களில் தொடைத்தசைக் காயம். சந்தைக்கு வந்தபோது கிரீன் பே பேக்கர்ஸ் கொடுத்தது நான்கு ஆண்டுக்கு 4.8 கோடி; அதில் உத்தரவாதம் 1.25 கோடி மட்டுமே. 2022-ல் ஓடியதும் பிடித்ததுமான அந்த 393 முறைக்கான உழைப்பின் விலை எந்த ஒப்பந்தத்திலும் ஏறவில்லை.

இனி, மூன்றாம் சீசனை முடித்து நிற்கும் ஒரு ரன்னிங் பேக் எந்தெந்த வழியில் போகலாம் என்று பார்ப்போம்.

முதல் வழி, உடனே நீட்டிப்பு ஒப்பந்தம் கேட்பது. விதி அனுமதிக்கும் முதல் நாளிலேயே, ரூக்கி ஒப்பந்தத்தில் ஓரிரு ஆண்டு மிச்சம் இருக்கும்போதே கையெழுத்து. இதில் தொகை சற்றுக் குறையும், ஏனெனில் மலிவான அந்த மிச்ச ஆண்டுகளும் உள்ளே அடங்கிவிடும். ஆனால் காயத்தின் பாரம் அணியின் தலைக்கு மாறுகிறது. கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2017-ல் எட்டாவது தேர்வு. மூன்று சீசன் முடிந்ததும், 2020 ஏப்ரலில், நான்கு ஆண்டுக்கு 6.4 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார். அந்த ஆண்டு ஆடியது 3 ஆட்டம். அடுத்த ஆண்டு 7. கையெழுத்திடாமல் காத்திருந்தால் 2021 சீசனோடு ஒப்பந்தம் முடிந்து, இரண்டு ஆண்டில் பத்தே ஆட்டம் ஆடியவராகச் சந்தையில் நின்றிருப்பார். காற்றுள்ளபோதே தூற்றிக்கொண்டார். பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவில் உடம்பு தேறி, 2024-ல் ஆண்டுக்கு 1.9 கோடி என்று இன்னொரு நீட்டிப்பும் வாங்கினார்.

டாட் கர்லியும் இதே வழிதான். 2018 ஜூலையில் 4.5 கோடி உத்தரவாதம். முழங்கால் கெட்டுப்போய், 2020 மார்ச்சில் மேலும் 1.05 கோடி உறுதியாவதற்குச் சற்று முன் ராம்ஸ் அவரை விடுவித்தது. அவருடைய கடைசி சீசன் அதே ஆண்டில், 26 வயதில். முந்தி வாங்கியதால் கையில் காசு தங்கியது. அணிகள் இந்த ஒப்பந்தத்தை எச்சரிக்கைப் பாடமாகச் சொல்கின்றன. வீரரின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிடச் சரியான நேரம் கிடையாது.

இரண்டாம் வழி, ஒப்பந்தத்தை ஆடி முடித்துவிட்டுச் சந்தைக்குப் போவது. எல்லாம் கூடிவந்தால் மிகப் பெரிய தொகை இதில்தான். ஆனால் முழங்கால், கணுக்கால், டேக் ஆகிய மூன்றும் குறுக்கே நிற்கின்றன. ஜே.கே. டாபின்ஸ் 2020-ல் இரண்டாம் சுற்றில் பால்டிமோர் ரேவன்ஸுக்கு வந்தார். 2021-ல் சீசன் தொடங்கும் முன்பே முழங்கால் தசைநார் கிழிந்தது. ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டான 2023-ல், முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. 2024-ல் சார்ஜர்ஸிடம் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிய ஓராண்டு ஒப்பந்தம். அதில் 905 யார்டு ஓடிக் காட்டினார். இந்த வழியில் போகிறவர்கள் மதிப்பிழப்புக் காப்பீடு எடுத்துவைப்பது உண்டு. பிரீமியம் வீரரின் சொந்தச் செலவு. எந்தக் காயத்துக்கு, எவ்வளவு குறைந்த ஒப்பந்தம் வந்தால் பணம் கிடைக்கும் என்ற வரியை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடக் கூடாது.

முதல் ஒப்பந்தத்திலேயே நிறைய வாங்கியவருக்கு இந்த வழி கட்டுப்படியாகும். பார்க்லி 2018-ல் இரண்டாவது தேர்வு. நான்கு ஆண்டுக்கு முழு உத்தரவாதத்துடன் 3.12 கோடி. அவரால் பொறுக்க முடிந்தது. ஐந்தாம் சுற்று வீரரால் முடியாது.

மூன்றாம் வழி, முகாமுக்கே வராமல் மறியல். இதைத்தான் தொலைக்காட்சி பெரிதாகக் காட்டும். கணக்கில் பெரும்பாலும் நஷ்டம். ரூக்கி ஒப்பந்தத்தில் இருப்பவர் பயிற்சி முகாமுக்கு வராவிட்டால் நாளொன்றுக்கு 40,000 டாலர் அபராதம். மற்ற ஒப்பந்தங்களில் 50,000. அதைவிடக் கொடியது, குறித்த நாளில் வந்து சேராவிட்டால் அந்தச் சீசன் அனுபவக் கணக்கில் சேராது. முழுச் சுதந்திரத்துடன் வேறு அணிக்குப் போக நான்கு சீசன் கணக்கு வேண்டும் என்பதால், ஓர் ஆண்டு மறியல் செய்தவர் இன்னும் ஓர் ஆண்டு கட்டுண்டு கிடப்பார்.

டேக் போடப்பட்டும் கையெழுத்திடாமல் இருப்பவருக்கு அபராதம் இல்லை, ஏனெனில் ஒப்பந்தமே இல்லை. லெவியான் பெல் 2018-ல் அந்த ஓட்டை வழியாகத்தான் போனார். 2017-ல் டேக்கில் 1.212 கோடி, மறு ஆண்டு 120 சதவீதப்படி 1.4544 கோடி. வாரத்துக்கு 8.55 லட்சம் டாலர் வீதம் விட்டுக்கொடுத்து, நவம்பர் நடுவில் வந்த கடைசி நாளையும் தாண்டி, சீசன் முழுக்க வீட்டில் இருந்தார். அவர் இடத்தில் பிட்ஸ்பர்க் இறக்கியது மூன்றாம் சுற்றில் வந்த ஜேம்ஸ் கானரை; அவர் 12 டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஓடி, சிறந்த வீரர்களுக்கான புரோ பவுலுக்கே போனார். 2019-ல் ஜெட்ஸ் பெல்லுக்கு நான்கு ஆண்டுக்கு 5.25 கோடி எழுதியது. அந்தச் சீசன் 789 யார்டு, ஓட்டத்துக்கு 3.2. 2020 அக்டோபரில் வெளியே அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருந்த ஆண்டின் சம்பளத்தை அவர் மீட்கவே இல்லை.

மெல்வின் கார்டனின் கதை இன்னும் கசப்பு. 2019-ல் முதல் நான்கு ஆட்டங்களைத் தவறவிட்டு, எதுவும் கிடைக்காமல் சார்ஜர்ஸுக்குத் திரும்பினார். அந்த நான்கு ஆட்டத்தில் கலக்கிய ஆஸ்டின் எக்கலர், டிராஃப்டிலேயே எடுக்கப்படாதவர். மறு ஆண்டு 2.45 கோடி டாலர் ஒப்பந்தம் அவருக்குப் போயிற்று. கார்டன் டென்வருக்குப் போக வேண்டியதாயிற்று. மறியல் ஜெயித்ததற்கு எசக்கியேல் எலியட்டைக் காட்டுவார்கள்: 2019 செப்டம்பரில் டாலஸ் கௌபாய்ஸ் ஆறு ஆண்டுக்கு 9 கோடி கொடுத்தது. கோப்பைக்குக் குறிவைத்த அணி, மாற்று ஆள் தயாராக இல்லாத நேரம், சீசன் தொடங்கச் சில நாள். இந்த மூன்றும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

நான்காம் வழி, முகாமுக்கு வந்து கூட்டங்களில் உட்கார்ந்து, பயிற்சியில் மட்டும் இறங்காமல் இருப்பது. அபராதத்துக்குப் பிடி இல்லை, அனுபவக் கணக்கும் போகாது. 2025 ஆகஸ்டில் பஃபலோவின் ஜேம்ஸ் குக் இப்படித்தான் நான்கு ஆண்டுக்கு 4.8 கோடி, அதில் 3 கோடி உத்தரவாதம் என்று முடித்தார். முந்தைய சீசனின் 16 டச்டவுன் அவர் பின்னால் நின்றது. ஜொனாதன் டெய்லர் 2023-ல் உடல் தகுதியில்லாதோர் பட்டியலில் இருந்தபடி முதல் நான்கு ஆட்டங்களை விட்டார். அக்டோபரில் கோல்ட்ஸ் மூன்று ஆண்டுக்கு 4.2 கோடி, 2.65 கோடி உத்தரவாதம் கொடுத்தது. 2020-க்குப் பின் வந்த விதிகளில், மறியல் என்றால் இந்த வடிவம்தான் புத்திசாலித்தனம்.

எந்த வழியாக வந்தாலும், மேசைமேல் வைக்கப்படும் காகிதத்தில் மொத்தத் தொகையைப் பார்க்கவே வேண்டாம். கையெழுத்திடும் அன்றே முழுமையாக உறுதியாகும் தொகை எவ்வளவு? அதுதான் கேள்வி. உத்தரவாதத்தில் மூன்று வகை உண்டு: ஆட்டம் சரியில்லை என்று நீக்கினால், கேப் நெருக்கடிக்காக நீக்கினால், காயத்தால் ஆட முடியாமல் போனால். மூன்றும் சேர்ந்தால்தான் முழு உத்தரவாதம். காயத்துக்கு மட்டுமான உத்தரவாதம் குறிப்பிட்ட மார்ச் நாளில் முழுமையாக மாறும் என்று எழுதியிருந்தால், அந்த நாளுக்கு முன் நீக்கிவிட அணிக்கு எல்லாக் காரணமும் இருக்கும். சைனிங் போனஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பாதுகாப்பு. காசு உடனே கைக்கு வந்துவிடும். கேப் கணக்கில் ஐந்து ஆண்டுவரை பரப்பிவைத்திருப்பதால், பாதியில் நீக்கினால் மிச்சம் மொத்தமாக அணியின் கணக்கில் வந்து விழும்.

டேக் மிரட்டலுக்கு உள்ளாகும் வீரருக்கு ஓர் எளிய அளவுகோல்: அந்த ஆண்டின் டேக், அதோடு அடுத்த ஆண்டின் 120 சதவீதம், இரண்டையும் கூட்டுங்கள். உத்தரவாதம் அதற்குக் கீழே இருந்தால் எழுந்து வந்துவிடலாம், இரண்டு முறை டேக்கில் ஆடினாலே அந்தக் காசு வரும். 2023-ல் இந்தக் கூட்டுத்தொகை 1.0091 கோடியும் 1.2109 கோடியும் சேர்ந்து 2.22 கோடி. டெய்லரின் 2.65 கோடி இதைத் தாண்டுகிறது. 2020-ல் டெரிக் ஹென்றியின் டேக் 1.0278 கோடி, கூட்டினால் சுமார் 2.26 கோடி, டைட்டன்ஸ் அவருக்கு உறுதிசெய்தது 2.55 கோடி. அந்த ஆண்டே அவர் 2,027 யார்டு ஓடினார்.

ஆகவே இரண்டாம் சுற்றிலும் அதற்குக் கீழும் வந்தவர்கள் முதல் வழியில்தான் முயல வேண்டும். அணி இறங்கிவராவிட்டால் நான்காம் வழி. ராம்ஸின் கைரன் வில்லியம்ஸ் ஐந்தாம் சுற்று ஆள். மூன்று சீசன் முடித்ததும் 2025 ஆகஸ்டில் மூன்று ஆண்டுக்கு 3.3 கோடி வாங்கிக்கொண்டார். இதைவிடப் பெரிய தொகை பின்னால் கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம்.

2024-க்குப் பின் சந்தை நிமிர்ந்துவிட்டதே, இனி என்ன குறை என்று கேட்கலாம். பார்க்லி 2025 மார்ச்சில் ஆண்டுக்கு 2.06 கோடி என்ற சாதனைத் தொகையைப் பெற்றார். ஆனால் அந்த ஆண்டின் கேப் 27.92 கோடி, அவர் பங்கு 7.4 சதவீதம். 2020-ல் மெக்காஃப்ரி வாங்கிய 1.6 கோடி, அன்றைய 19.82 கோடி கேப்பில் 8 சதவீதம். எண் ஏறியது, பங்கு இறங்கியது. அதே 2025-ல் வைட் ரிசீவர் ஜமார் சேஸின் ஆண்டுத்தொகை 4.025 கோடி, 14 சதவீதத்துக்கு மேல்.

விதியை மாற்றுவதென்றால் எதை மாற்றுவது? ரன்னிங் பேக்குகளுக்கு மட்டும் ரூக்கி ஒப்பந்தத்தை மூன்று ஆண்டாகக் குறைப்பது நோயின் வேருக்கே போகும் மருந்து. சிக்கல், யார் ரன்னிங் பேக் என்பதில். 2014-ல் ஜிம்மி கிரஹாம் தன்னை வைட் ரிசீவராகக் கருதி டேக் போட வேண்டும் என்று நடுவரிடம் போய், டேக் விலை குறைந்த டைட் எண்ட் என்ற இடத்துக்காரர்தான் என்ற தீர்ப்போடு திரும்பினார். வித்தியாசம் சுமார் அரைக் கோடி டாலர். 2021-ல் வைட் ரிசீவரான டீபோ சாமுவேல் 59 முறை ஓடி 8 டச்டவுன் எடுத்தார். மூன்று ஆண்டு விதி வந்தால், டிராஃப்ட் அன்று எந்த அணியும் யாரையும் ரன்னிங் பேக் என்று எழுதாது.

டேக்கைத் திருத்துவது எளிது: இட வாரியான சராசரிக்குப் பதில், எல்லா இடத்துக்கும் கேப்பில் ஒரே சதவீதம் என்று வைத்தால் போதும். ரன்னிங் பேக் மீது டேக் போடுவதே கட்டுப்படியாகாமல் போகும். ஆனால் ரன்னிங் பேக்குகளில் டேக் தொடுவது ஆண்டுக்கு ஒரு சிலரைத்தான்.

மூன்றாவது, 2002 முதல் இருக்கும் செயல்திறன் ஊதிய நிதியைப் பெரிதாக்குவது. குறைந்த சம்பளத்தில் அதிக நேரம் களத்தில் நிற்பவருக்கு அதிலிருந்து கூடுதல் பணம் போகிறது. இப்போது கணக்கு களத்தில் நின்ற நேரத்தை வைத்து. அதோடு பந்தைச் சுமந்த எண்ணிக்கையையும் சேர்த்தால், 393 முறை அடிவாங்கியவருக்கு அந்த ஆண்டே ஏதாவது கிடைக்கும். அடைய முடிந்த மாற்றம் இதுதான் என்பது எங்கள் எண்ணம்.

எதுவானாலும் மற்ற வீரர்களின் ஒப்புதல் வேண்டும். அணிகளும் வீரர் சங்கமும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தப்படி வருவாயில் வீரர்கள் அனைவருக்குமான பங்கு சுமார் 48 சதவீதம். ரன்னிங் பேக்குக்குக் கூடுவது இன்னொருவரின் பையிலிருந்து வரும். 2019-ல் ரன்னிங் பேக்குகளுக்குத் தனிச் சங்கம் கேட்டுத் தொழிலாளர் உறவு வாரியத்துக்குப் போன மனு நிராகரிக்கப்பட்டது. 2023 ஜூலையில் எக்கலர் கூட்டிய ஸூம் கூட்டத்தில் மெக்காஃப்ரி, ஹென்றி, பார்க்லி, நிக் சப் எல்லாம் பேசினார்கள். விதி எதுவும் மாறவில்லை.

நடப்புக் கூட்டு ஒப்பந்தம் 2030 சீசன் வரை. 2025 டிராஃப்டில் ரெய்டர்ஸ் ஆறாவதாக எடுத்த ஆஷ்டன் ஜென்டிக்கு ரூக்கி ஒப்பந்தம் 2028 வரை, அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டு 2029, டேக் போட்டால் 2030. அந்தச் சீசன் முடியும்போது அவருக்கு வயது 27 ஆகியிருக்கும்.